முள் இறங்கிய மேடு

மேட்டில் ஏறும்போதெல்லாம் கார் நின்றுபோவதற்கு யமுனாவின் கால்தான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். கணவன் கதிரேசன் மட்டும் வாயே திறக்கவில்லை. அதுதான் அவளை அதிகம் சுட்டது. சாவியைத் தொடுவதையே விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பெட்ரோல் குழாயின் பித்தளை இணைப்பைக் கழற்றி, பட்டறை இடுக்கியில் இறுக்கித் துளை போட்டான்.

“இதுல மரை வெட்டி கேஜ் மாட்டிட்டா, பெட்ரோல் அழுத்தம் தெரிஞ்சிடும். மேட்டுல அது இறங்குனா தப்பு பம்ப்போடது.”

“தப்பு என்னோடதுன்னு தெரிஞ்சா?”

“டிரைவர் வெச்சுக்கலாம், மகாராணி.”

மரை வெட்டும் கருவியில் கிரீஸ் தடவி, ஒரே மூச்சாகத் திருகினான்.

“என்னங்க, கொஞ்சம் பின்னாடியும் திருப்புங்க, உள்ளேயே உடைஞ்சிடப்போகுது!”

அவன் அசடு வழியத் திருப்பினான். துளைக்குள் ஒட்டியிருந்த பித்தளைத் துகள்களை அவள் துணியால் ஒன்றுவிடாமல் துடைத்தெடுத்தாள்.

இணைப்பைப் பூட்டி, அதிலிருந்து ஒரு நீளக் குழாயை இழுத்து, அதன் முனையில் மாட்டிய கேஜை முன்கண்ணாடிக்கு வெளியே வைப்பரோடு சேர்த்துக் கட்டினார்கள். யமுனா ஓட்டினாள்; கதிரேசன் பக்கத்தில் உட்கார்ந்தான். மேடு தொடங்கியது. அவள் கால் அசையாமல் அழுத்திக்கொண்டிருக்க, கேஜின் முள் மட்டும் மெல்ல மெல்லக் கீழே சரிந்தது. கார் இருமி நின்றது.

பின்னால் ஹாரன்கள் அலறின. “பொம்பள ஓட்டுனா இப்படித்தான்!” என்று யாரோ கத்தினார்கள்.

கதிரேசன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். “பம்ப்பு போச்சு சார்! ஓட்டுறவங்க மேல தப்பே இல்ல!”

யமுனா கைபிரேக்கை இழுத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஹாரன்கள் இன்னும் அலறிக்கொண்டிருந்தன.

“இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றாள். “சத்தமா.”