பின் அறையில் இருந்தவர்

“தாத்தா பேர்ல பட்டாளத்துல யாருமே இல்லையாம்ப்பா.”

பாப்பா மெதுவாகத்தான் சொன்னாள். நாற்பது வயதாகி, சொந்தமாக மருந்துக்கடை நடத்துகிறவள். வீட்டில் மட்டும் இன்னும் பாப்பாதான்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “ராணுவ ஆபீஸ்ல நல்லாத் தேடச் சொன்னியா?”

“தேடிட்டாங்க. நம்ம பழைய விலாசத்துல இருந்து போருக்குப் போனது ஒரே ஒரு ஆள்தானாம்.” கொஞ்சம் தயங்கினாள். “பெரிய தாத்தா.”

அப்பாவின் முகம் செத்துவிட்டது.

ஊர்ப் பூங்காவில் ஒரு கல் வைக்கிறார்கள். போருக்குப் போனவர்களின் பெயரெல்லாம் அதில் வெட்டப் போகிறார்கள். ராணுவப் பதிவு இருந்தால்தான் பெயர் ஏறும். தன் அப்பா பெயர் அதில் ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்று அப்பா எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நாளைக்குள் விவரம் கொடுத்தாக வேண்டும்.

அதைவிடப் பெரிய சங்கடம் இன்னொன்று. தாத்தா போருக்குப் போனார், அவருடைய அண்ணனான பெரிய தாத்தா போர் முடியும்வரை வீட்டுப் பின் அறையில் ஒளிந்து கிடந்தார். குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை இதுதான். இதை வைத்தே அப்பா காலமெல்லாம் ஓட்டியிருக்கிறார். அந்தப் பெரிய தாத்தாவின் மகள், அப்பாவுக்கு அக்கா, பாப்பாவுக்கு அத்தை முறை, எந்த விசேஷத்துக்கு வந்தாலும், “அக்காவைக் காணோமா? கதவுக்குப் பின்னாடி பாருங்க” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அந்த அக்காவும் சேர்ந்துதான் சிரிப்பார்.

“அப்ப எங்கப்பா விட்டதெல்லாம் கதையா?” என்றார் அப்பா. “அண்ணனோட பட்டாளச் சட்டையை மாட்டிக்கிட்டுத்தான் கூடத்துல தொங்குற அந்தப் போட்டோவுக்கு நின்னாரா?”

“தெரியலப்பா.”

“யார்கிட்டயும் சொல்லாத. ஆபீஸ்ல ஏதோ குளறுபடின்னு விட்ருவோம்.”

“அத்தைகிட்ட சொல்லித்தான் ஆகணும். அவங்கப்பா பேருப்பா அது. எத்தனை வருஷம் அவங்களைக் கேலி பண்ணியிருக்கோம்.”

அப்பா எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தார். எழுபதைத் தாண்டிய மனுஷன் மன்னிப்புக் கேட்கப் போவதென்றால் சும்மாவா? அத்தை வீட்டுப் படியேறுவதற்குள் நின்று நின்று மூச்சு வாங்கினார்.

அத்தை துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். பாப்பா நீட்டிய தாளை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படித்தார்.

“அக்கா.” அப்பா நின்றபடியே சொன்னார். “போருக்குப் போனது பெரியப்பாதான். அந்தப் பெருமையை எங்கப்பா திருடிட்டார். நானும் தெரியாம உங்களை என்னென்னமோ பேசிட்டேன். கல்லுல பெரியப்பா பேர்தான் வரணும்.”

பாப்பாவுக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

அத்தை ஒரு தலையணை உறையை நீவி நீவி மடித்தார். ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பட்ட கேலிக்கெல்லாம் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

“போடா மக்கு,” என்றார். “போனது உங்கப்பாதான்.”

அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“பட்டாளத்துல இருந்து அழைப்பு வந்தது எங்கப்பாவுக்கு. நான் அப்ப எங்கம்மா வயித்துல, இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கேன். எங்கப்பா துணிமணியெல்லாம் எடுத்து வெச்சுட்டுப் படுத்தார். காலையில பார்த்தா பையையும் காணோம், சித்தப்பாவையும் காணோம். அண்ணன் பேரையும் அண்ணன் வயசையும் சொல்லிப் போய்ச் சேர்ந்துட்டார்.”

“இதை ஏன் அத்தை இத்தனை நாள் சொல்லல?” என்றாள் பாப்பா.

“ஆள்மாறாட்டம்னு தெரிஞ்சா சித்தப்பாவுக்கு ஜெயில். அவரே எத்தனையோ தடவை வாயெடுத்தார். எங்கப்பாதான் அடக்கிட்டார். ரெண்டு பேரும் காலமானப்புறம் சொல்லியிருந்தா உங்கப்பன் நம்பியிருப்பானா? மானத்தைக் காப்பாத்தக் கதை கட்டுறேன்னு அதுக்கும் ஒரு ஜோக் வெச்சிருப்பான்.”

அப்பா தலையாட்டினார். வைத்திருப்பார்தான்.

ஆனாலும் அவருக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. “எல்லாம் சரிக்கா. தம்பி போனப்புறம் பெரியப்பா பாட்டுக்கு வேலையைப் பார்த்துட்டு இருந்திருக்கலாமே. அவர் ஏன் ஒளியணும்?”

அத்தை கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

“பதிவுப்படி அவர் போர்முனையில இருக்கார்டா. இங்க தெருவுல ஒருத்தர் கண்ணுல பட்டாலும் அங்க சித்தப்பா மாட்டிப்பார். அதான் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார். நான் பிறந்தப்போ எங்கம்மா வலியில துடிக்கிறாங்க, அவரால டாக்டரைக் கூப்பிட வாசல் தாண்ட முடியல. தம்பி திரும்பி வந்து கதவைத் தட்டுற வரைக்கும் எங்கப்பா வெயிலையே பார்க்கலடா.”

அப்பா அழுதார். மறைக்கவெல்லாம் இல்லை, நன்றாகவே அழுதார். அத்தை மடித்து வைத்த துண்டு ஒன்றை எடுத்து அவர் மடியில் போட்டார்.

பாப்பா கல்லுக்கான படிவத்தை வெளியே எடுத்தாள். “பதிவு பெரிய தாத்தா பேர்லதான் இருக்கு. என்னப்பா பண்றது? தாத்தா பேர் ஏறாதே.”

“பெரியப்பா பேரையே எழுது,” என்றார் அப்பா. “பட்டாளத்துல பேர் கேட்டப்ப எங்கப்பாவும் அதைத்தானே சொன்னார்.”