சோற்றுப் பைக்குள் ஒரு பாட்டு

பீளமேட்டு பேக்கரி வாசலில் மூன்று மணி வெயில் மேகத்துக்குள் மங்கிக் கிடக்கிறது. சாமுவேலின் தேநீரில் ஆடை படிந்துவிட்டது. தெருச் சத்தம் நுழையாதபடி ஜமக்காளத்தைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வியர்க்க வியர்க்க அவன் பாடிப் பதிந்த முதல் பாட்டு இன்று காலையில்தான் இணையத்தில் வெளியானது. தெரிந்தவர்களுக்கெல்லாம் லிங்க் அனுப்பியிருக்கிறான். பதிலுக்குக் கட்டைவிரல்களும் பூங்கொத்துகளும் வந்து குவிகின்றன. பாட்டு நாற்பத்தொரு முறை ஓடியிருப்பதாகச் செல்போன் காட்டுகிறது. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்: கேட்டவர் ஒருவர். பக்கத்து மேசையில் யாரோ பப்ஸைப் பிய்க்க, உதிர்ந்த துகள்களைக் காற்று அவன் பக்கம் தள்ளுகிறது. பனியன் கம்பெனியிலிருந்து மனைவி இனியா டீ இடைவேளையில் அழைக்கிறாள். “ஏனுங்க, காலையில இருந்து உங்க பாட்டத்தான் திருப்பித் திருப்பி ஓட உட்டிருக்கறனுங்க. எத்தன ஆச்சுங்க?” “நாப்பத்தொண்ணு. பாட்டு எப்படி இருக்குது அம்மணி?” மறுமுனையில் இடைவேளை முடிந்த மணி அடிக்கிறது. “சத்தம் வந்தா சூப்பர்வைசர் வைவாருங்க. சுத்தமாக் கொறச்சுப்போட்டு சோத்துப் பைக்குள்ள வெச்சிருக்கறன். ஊட்டுக்கு வந்து கேக்கறனுங்க.” அவன் சரி என்கிறான். ஆறிய தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் எண் நாற்பத்திரண்டாகிறது.