நெஞ்சில் வைத்த காது

உயிரெடுக்க வரும் வானவரான மலக்கின் காது சில்லென்று இருந்தது. அலி அஸ்கர் கண்ணைத் திறக்கவில்லை. குட்டியானை சரக்கு வண்டியின் பின்பக்கம், காலிச் சாக்குகளின் மேல், வியர்த்துக்கொண்டு செத்தவர்போல் கிடந்தார்.

காது அவர் நெஞ்சின் இடப்பக்கம் அழுந்தியது. கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு எடுத்துக்கொண்டு, வந்த வழியே சருகில் பைய நடந்து போய்விட்டது.

முந்தின ராத்திரியும் இப்படித்தான் நடந்தது. அதைக் கனவென்று நினைத்திருந்தார். கனவாக இருந்தால் மறுநாளும் அதே நேரத்துக்கு வருமா?

எல்லாம் மகன் சுஹைலால் வந்தது. பத்து வயது. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை; ஐந்து வயதில் அடைத்தார்கள். "ஓட்டப் பந்தயம் மட்டும் வேண்டாம், மத்தபடி தாராளமா அனுப்புங்க" என்று டாக்டரே சொன்ன பிறகும், பாபநாசத்துக்கு மேற்கே நடக்கும் கோடை முகாமுக்குப் பையன் ஒரு வருஷம் அழுதுதான் வந்து சேர்ந்தான். மூன்று ராத்திரி.

முகாம் நடத்தும் செல்வமணி சார், நடுவில் எட்டிப் பார்க்க வர மாட்டோம் என்று பெற்றவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டார். அலி அஸ்கரும் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு, உடன்குடிக்குக் கருப்பட்டி ஏற்றப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, பிள்ளைகள் போன பஸ்ஸின் பின்னாலேயே வண்டியை விட்டார்.

மேட்டின் மேல் முகாம். கீழே, ஆற்றோரத்து மருத மரத்தடியில் இவர். மர நிழலில் வண்டி யார் கண்ணுக்கும் படாது என்பது அவர் நம்பிக்கை. வண்டி நல்ல மஞ்சள் நிறம்.

முதல் நாள் படுக்கும் முன் கையேந்தி துஆ கேட்டார். "யா அல்லா, அவன் நெஞ்சுக்கு ஒண்ணும் வரக் கூடாது. எடுத்துதான் ஆவணும்னா என்னுத எடுத்துக்க." இந்த மாதிரி வேண்டுதலுக்குப் பதில் வர மற்றவர்களுக்கு நாளாகும். அலி அஸ்கருக்கு அன்று ராத்திரியே ஆள் வந்துவிட்டது.

இரண்டாம் ராத்திரி விடிந்ததும் டீக்கடைக்குப் போனார். கடைக்காரர் சிவசைலம் கிளாஸை நீட்டிக்கொண்டே மேலும் கீழும் பார்த்தார்.

"பாய், அந்த மருத மரத்தடியிலயா படுத்தீரு?"

"ஏன் வே?"

"சும்மாதான் கேட்டேன். போன வருஷம் ஒரு லாரிக்காரன் அங்கன படுத்தான்."

"என்ன ஆச்சி?"

"லாரி மட்டும் ஊருக்குப் போச்சி. சீனி போதுமா?"

அந்த நேரம் பார்த்து மனைவி ஃபர்ஹத் போன் பண்ணினாள்.

"எங்கன இருக்கீங்க?"

"உடன்குடியிலதான். சரக்கு ஏத்துதேன்."

"பொறத்தால தண்ணி ஓடுத சத்தம் கேக்குது?"

"கடல் பக்கத்துல இருக்குல்லா."

"கடல் என்னிக்கு இப்பிடி சலசலன்னு ஓடிச்சி?"

அவர் பேச்சை மாற்றினார். "பையன் எப்பிடி இருக்கானாம்?"

"செல்வமணி சார் பேசுனாரு. நல்லாச் சாப்பிடுதானாம், சிரிக்கானாம். பகல்லதான் அசந்து அசந்து உறங்குதானாம்."

கிளாஸிலிருந்த டீ அவர் கையில் சிந்தியது. "ஒதடு நீலம் பாரிச்சிருக்கான்னு கேட்டியா?"

"வேணும்னா நீங்க போயி பாத்துட்டு வாங்களேன்."

"நான் எப்பிடிப் போவ? கையெழுத்துப் போட்டிருக்கேம்லா."

"ஆமா, நீங்க கையெழுத்துக்குக் கட்டுப்பட்ட ஆளுதான்."

"ஃபர்ஹத்... எனக்கு ஒண்ணு ஆயிட்டா, வண்டிச் சாவி மேசை டிராயர்ல இருக்கும்."

"வண்டிய நீங்க ஓட்டிட்டுப் போயிருக்கீங்க. சாவி இங்கன எப்பிடிங்க இருக்கும்? வெயில்ல நிக்காதீங்க." வைத்துவிட்டாள்.

பகலெல்லாம் அலி அஸ்கர் யோசித்தார். மலக்கு இரண்டு தடவை வந்தும் வெறுங்கையோடு போயிருக்கிறது. தான் பயந்து கிடப்பதைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கும். இங்கே அது தாமதிக்கத் தாமதிக்க, மேலே பையன் தளர்ந்துகொண்டே வருகிறான்.

சாயங்காலம் ஆற்றில் குளித்தார். வெளுத்த வேட்டி கட்டினார். இறந்தவரின் மையித்தைக் கிடத்துவதுபோல் வடக்கே தலைவைத்துப் படுத்து, முகத்தை மேற்கே திருப்பிக்கொண்டு, கலிமாவை மூன்று தடவை சொன்னார். ஆறு மட்டும் பாறையில் எதையோ முணுமுணுத்துக்கொண்டு போனது.

நடுச்சாமத்தில் மேட்டிலிருந்து சருகுச் சத்தம் இறங்கியது. பத்தடி வரும், நிற்கும். மறுபடி பத்தடி வரும், நிற்கும். அவசரமே இல்லாதவர்களின் நடை.

வண்டி லேசாக ஆடியது. நெஞ்சின் மேல் அந்தச் சில்லிட்ட காது வந்து அமர்ந்தது.

"எடுத்துக்க," என்றார் அலி அஸ்கர், கண்ணை மூடியபடியே. குரல் நடுங்கவில்லை. "தாராளமா எடுத்துக்க. மேல கிடக்குத எம் பையன மட்டும் விட்டிரு."

காது நகரவில்லை. முழுசாகக் கேட்டு முடித்தது. பிறகு அவர் நெஞ்சுக்கு மேலே இருட்டு பேசியது.

"நல்லாத்தான் அடிக்குது வாப்பா. நீங்க ராத்திரி எனக்குக் காத வச்சிப் பாக்குத மாதிரியேதான் பாத்தேன்."

அலி அஸ்கர் கண்ணைத் திறந்தார்.

"வீட்டுக்குப் போங்க... தெனமும் இந்த மேடு ஏறி எறங்க எனக்கு மூச்சு வாங்குது."