நம்ம பக்கம் வருமா?

காலையில் சூரியன் கக்கிய பிழம்பு பூமியைத் தாக்குமா, விலகிப் போகுமா என்று சூரியப் புயல் கணிப்பு மையத்தில் அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"நம்ம பக்கம் வருமாம்மா?" என்றது ஒரு வயதான குரல்.

"ஒரு மணி நேரம் பொறுங்க. அடுத்த படம் வந்ததும் சொல்றேன்."

பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். "மறுபடியும் அவரா? கரண்ட் போயிடுமோன்னு பயப்படற மின்வாரியம்கூட இத்தனை தடவை கேக்கறதில்லையே! யாருங்க அவரு?"

"ரிட்டயர்டு ரேடியோ ஆப்பரேட்டர். துறைமுகத்துல உட்கார்ந்து கப்பல்களோட பேசினவர். லீவே கிடையாது. சூரியப் புயல் அடிக்கிற அன்னிக்கு மட்டும் ரேடியோவுல வெறும் இரைச்சல்தான் வரும். மதியமே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அவரோட பொண்ணுக்குத் தலைகால் புரியாது. அப்பா தோள்ல ஏறிக் கடற்கரை முழுக்கச் சுத்துவா."

"ஓ, அந்த நெனப்புலதான் புயல் வராதான்னு இன்னும் ஏங்குறாரா?"

"இல்லை. இப்பல்லாம் வரவே கூடாதுன்னு வேண்டிக்கிறார்."

"அதென்ன கூத்து?" என்று அவர் கேட்பதற்குள் புதுப் படங்கள் திரைக்கு வந்துவிட்டன. இருவரும் கணக்கை மூன்று முறை சரிபார்த்தார்கள். பிழம்பு பூமியைத் தொடாமல் விலகித்தான் போகிறது. வந்திருந்தால் மூன்று நாளைக்கு இருவரும் அந்த அறையை விட்டு நகர்ந்திருக்க முடியாது.

அவள் போனை எடுத்தாள்.

"அப்பா, அது வரலை. நான் மதியமே வீட்டுக்கு வந்துடறேன்."