ஒன்றாம் எண் பாலத்து விபத்து

எஞ்சின் பாலத்திலிருந்து விழுந்து தலைகீழாகக் கிடந்தது. பின்னால் வந்த இரண்டு பெட்டிகளும் ஆற்றில் கவிழ்ந்திருந்தன. கரையில் நின்ற பயணிகளில் சிலர் குப்புற விழுந்திருந்தார்கள்.

"யாரும் எதையும் தொடக் கூடாது," என்றார் கிளமென்ட்.

"கத்திரிக்கோலக் கூடவா?" என்றாள் அவர் மனைவி டெய்சி. "நூல் வெட்டணும்."

கிளமென்ட் சுரங்கத்தில் பாதுகாப்பு அதிகாரி. சரிந்து வந்த மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு மனைவியை ஒரு முறை பார்த்தார். கத்திரிக்கோல் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆறு என்பது நீலப் பெயின்ட்டின் மேல் பசை ஊற்றிக் காய வைத்தது. பயணிகள் அரை விரல் உயரப் பிளாஸ்டிக். பாலம், போன மாதம் வாங்கிய பொம்மை ரயில் கிட்டைப் பிரித்து அவரே ஒட்டியது. டீசல் எஞ்சின் மட்டும் புத்தம் புதிது. அன்று காலைதான் கூரியரில் வந்தது. முதல் ஓட்டத்திலேயே இப்படி ஆகிவிட்டது.

சுரங்கம் கொடுத்த அந்தக் குவார்ட்டர்ஸில் படுக்கையறை போக மிஞ்சியது இந்த ஒரு அறைதான். பாதியில் ரயில் மேசை, மறுபாதியில் டெய்சியின் தையல் மிஷின். மலையும் குகையும் வைக்க இடம் போதவில்லை என்று கிளமென்ட் வெகு நாட்களாக அந்த மறுபாதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணை என்றால் வெளியாள் ஒருவர் வேண்டும். எதிர் குவார்ட்டர்ஸ் மருதமுத்து அழைக்கப்பட்டார். அதே சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஃபோர்மேன். கையைக்கூடத் துடைக்காமல் லுங்கியோடு ஓடி வந்தார்.

"என்னா சார், யாருக்கு அடி?"

"எஞ்சினுக்கு."

மருதமுத்து எஞ்சினைப் பார்த்தார். பிறகு டெய்சியைப் பார்த்தார். டெய்சி தான் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்டுகினு இருந்தேன் சார்," என்றார்.

"முதல்ல ரூல் சொல்லிடறேன். தண்டவாளத்துல யார் பொருள் கெடந்துச்சோ, அவங்க சாமான் இந்த ரூமை விட்டுப் போகணும்."

"யார் பொருளா இருந்தாலுமா?" என்றாள் டெய்சி.

"சேஃப்டில பொண்டாட்டி, மச்சான்னு பாக்கக் கூடாது."

"அண்ணே, கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டேம்மா."

கிளமென்ட் டார்ச் அடித்துப் பாலத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். தண்டவாளத்தின் உள்விளிம்பை ஒட்டி ஒரு ஸ்க்ரூ கிடந்தது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரியது. இடுக்கியால் எடுத்து, காலித் தீப்பெட்டியில் போட்டு மூடினார்.

"நேத்து சாயங்காலம் பூரா இந்தப் பாலத்து மேல குனிஞ்சுதான் மரம் ஒட்டினேன். அப்ப தண்டவாளம் சுத்தமா இருந்துச்சு. அதுக்கப்புறம் இந்த ரூம்ல யாரு உக்காந்திருந்தா?"

"நான்தான். நான்சி டீச்சர் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வெச்சேன்."

"இந்த ரூம்ல ஸ்க்ரூ வெச்ச சாமான் எது?"

மூவரும் தையல் மிஷினைப் பார்த்தார்கள். அதன் பக்கவாட்டு மூடியில் ஓர் ஓட்டை காலியாக இருந்தது.

"அது நம்ம கல்யாணத்துக்கு எங்கப்பா வாங்கிக் குடுத்தப்பவே இல்லங்க. அந்த ஓட்டையில என் சுண்டு விரலே போகும்."

"போட்டுப் பாத்துடலாமா சார்?" என்றார் மருதமுத்து.

"தேவையில்ல. எல்லாம் தெளிவா இருக்கு. மிஷினைப் பின்னாடி வராண்டாவுல போட்டுடலாம்."

டெய்சி ஊசியைக் கீழே வைத்தாள்.

"வராண்டாவுல சாரல் அடிக்குது. மோட்டார்ல தண்ணி எறங்குனா மிஷினே போச்சு. கிறிஸ்துமஸ் ஜாக்கெட் அத்தனையும் வெட்டி வெச்சிருக்கேன். குடுத்தவங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

"விபத்துன்னு சொல்லு."

"மழை பேஞ்சிகினு இருக்குது சார்," என்று மருதமுத்து ஜன்னலைக் காட்டினார். "பண்டிகை முடியற வரைக்கும் வுட்டுடலாமே?"

"இப்படி வுட்டு வுட்டுத்தான் மைன்ஸ்ல கை போகுது, கால் போகுது. மருதமுத்து, மிஷினை அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க."

மருதமுத்து வேறு வழியில்லாமல் லுங்கியை மடித்துக் கட்டினார். டெய்சி பாதி தைத்த ஜாக்கெட்டை உருவி எடுத்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள். கிளமென்ட் மிஷினைத் தூக்கக் குனிந்தார்.

அவருடைய மூக்குக் கண்ணாடியின் இடது காம்பு கழன்று, மிஷின் பலகையில் டக்கென்று விழுந்தது. மிச்சக் கண்ணாடி வலது காதில் தொங்கியது.

மருதமுத்து காம்பை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது. கிளமென்ட்டின் காதிலிருந்து மிச்சத்தையும் மெதுவாகக் கழற்றி, காம்பை அதில் பொருத்தினார். தீப்பெட்டியைத் திறந்து ஸ்க்ரூவை வைத்து நகத்தால் திருகினார். அது சுற்றிச் சுற்றிக் கடைசிவரை உள்ளே போயிற்று.

"சரியா உக்காந்துகிச்சு சார்," என்றார் வெளியாள் என்ற முறையில்.

டெய்சி ஜாக்கெட்டைத் திரும்பவும் மிஷின் மேல் வைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ரயில் மேசையின் ஒரு மூலையை இரண்டு கைகளாலும் பற்றினாள்.

"அண்ணே, இதை அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க."