நீலக் கொடி நட்டவர்

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: ஒஹாயோ மாநிலத்தின் மாபெரும் பிளாஸ்டிக் வாளித் தொழிற்சாலை, இன்று காலை ஒரு முழ நீலத் தகரத்திடம் சரணடைந்தது.

அந்தத் தகரம் மூன்றாம் தண்டவாளத்தின் நடுவே நடப்பட்டிருந்தது. ரயில் பெட்டிக்கு அடியில் ஆள் இருக்கிறான், நகர்த்தாதே என்று அர்த்தம். ரயில்காரர்கள் அதைக் கொடி என்பார்கள். நட்டவர் மட்டுமே பிடுங்கலாம்.

கொடிக்குப் பின்னால் பிளாஸ்டிக் குருணை நிரம்பிய ஆறு பெட்டிகள். பன்னிரண்டு மணிக்குள் அவற்றை ஆலைக்குள் தள்ளாவிட்டால் இயந்திரங்கள் நின்றுவிடும். தள்ள வேண்டியவர் லோனி பர்டெட். இரண்டு எஞ்சின், நாலே நாலு ஆள் கொண்ட குட்டி ரயில் கம்பெனியில் ஷண்டிங் பார்ப்பவர். இரண்டு மணி நேரம் ஆலைத் தொழிலாளர்கள் எல்லோரிடமும் விசாரித்தும் கொடிக்குச் சொந்தக்காரர் கிடைக்கவில்லை.

இப்போது லோனி, ஆலை மேலாளர் பிரெஸ்டன் ஹோல்கம்மின் அறையில் நின்றிருந்தார். தண்டவாளம் வரை வந்து பார்க்க ஹோல்கம்முக்கு நேரமில்லை, கத்துவதற்கு இருந்தது.

"ஒரு தகரத்தைப் புடுங்க உனக்கு என்ன வலிக்குது?"

"நட்டவன் புடுங்கணும் சார்."

"அடியில குனிஞ்சு பார்த்தியா? யாராச்சும் இருக்கானா?"

"பார்த்தேன், இல்ல. ஆனா இல்லைன்னு அவன்தான் சொல்லணும். எங்க ஜார்விஸ் ஒருதடவை இப்படிக் குனிஞ்சு பார்த்துட்டுத்தான் புடுங்கினான். அடியில இருந்தவனுக்கு இப்ப ஒத்தக் கால்."

"பன்னெண்டு மணிக்கு மெஷின் நின்னா உங்க கம்பெனி ஒப்பந்தத்தைக் கிழிச்சுருவேன். நாலு பேரும் வீட்டுக்குப் போய் ஈ ஓட்டுங்க."

லோனிக்குக் காதெல்லாம் சுட்டது. மற்ற மூவரின் முகங்களும் கண்ணில் வந்து போயின. "கிழிங்க. நான் தொடமாட்டேன்."

ஹோல்கம் மேசையைக் குத்திவிட்டு, பெட்டி பழுதுபார்க்கும் வெர்லினை வரவழைத்தார். வெர்லின் கை துடைத்த துணியோடு வந்தார்.

"நீதானே நட்டே?"

"நான் ஏன் நடப்போறேன்? வியாழக்கிழமையே வேலை முடிஞ்சு கொடியைக் கையோட எடுத்தாச்சு. வெள்ளிக்கிழமை பாதுகாப்பு தினம்னு எங்களுக்கெல்லாம் லீவு விட்டுட்டு, ஆபீஸ்காரங்க மட்டும் கேக் வெட்டுனீங்க. இன்னிக்குத்தான் உள்ளயே வர்றேன்."

"பொய். டோரீன்!"

பணியாளர் பிரிவு டோரீன் தாளும் பேனாவுமாக வந்தாள்.

"வேலைநீக்கக் கடிதம் எழுதும்மா. ஆலையைப் பாதுகாப்பு இல்லாம வெச்சதுக்கு, கொடி நட்டு உற்பத்தியை முடக்குனதுக்கு, மொத்தத்துல முட்டாளா இருந்ததுக்கு. பேரு மட்டும் காலியா விடு, ஆள் சிக்குனதும் எழுதிக்கலாம்."

"முட்டாள்னு அப்படியே போடவா சார்?"

"கொட்டை எழுத்துல போடு."

போட்டாள். ஹோல்கம் தாளைப் பிடுங்கி, பேனா முனை தாளைக் கிழிக்கும்படி அழுத்திக் கையெழுத்திட்டார். "இதை மாத்த தலைமை அலுவலகத்தாலயும் முடியாது. இவனுங்க ரெண்டு பேரும் சாட்சி."

லோனி கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே கால்.

"சரி, மூணாம் தண்டவாளத்துல நட்டவன் யாருன்னு இப்பவே கண்டுபிடிச்சாகணும்," என்றார் ஹோல்கம்.

டோரீன் நிமிர்ந்து பார்த்தாள். "மூணாவதா? கொடின்னுதானே சொன்னீங்க, எந்தத் தண்டவாளம்னு யாரும் சொல்லலையே."

"ஏன், உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். வெள்ளிக்கிழமை பாதுகாப்பு தினப் போட்டோவுக்காக அங்க நட்டது நீங்கதான்."