நடையில் முதல் பரிசு

"யாருக்குங்க இந்த வீல்சேர்? நான் என்ன நடக்க முடியாம விழுந்தா கிடக்கிறேன்?"

ஆடிட்டரின் குரல் கண்ணாடிக் கதவைத் தாண்டி வராந்தா வரை கேட்டது. வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ், அதைச் சுவரோரம் நிறுத்திவிட்டு டாக்டரின் முகத்தைப் பார்த்தாள்.

"கோபப்படாதீங்க சார். முதல்ல உட்காருங்க," என்றார் அந்தப் பெண் டாக்டர்.

"எப்படிங்க கோபப்படாம இருக்கிறது? ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை. உடனே வந்து அட்மிட் ஆகுங்கன்னு போன் பண்ணினா என்ன அர்த்தம்? உங்க ஆராய்ச்சிக்குப் பேர் கொடுத்தேன், அவ்வளவுதான். உயிரைக் கொடுக்கிறேன்னு சொல்லலை."

சர்க்கரை நோய், உடல் பருமன், ரத்தக்குழாய் அடைப்பு, இந்த மூன்றுக்கும் உள்ள உறவைப் பற்றிய ஆராய்ச்சி அது. சேர்ந்தவர்களுக்கெல்லாம் கையில் கட்டிக்கொள்ள ஒரு வாட்ச் கொடுத்திருந்தார்கள். நடையையும் இதயத் துடிப்பையும் இரவு பகலாக அது ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எல்லாரையும் விட அதிகமாக நடந்தவர் என்று போன மாதம்தான் ஆடிட்டரை மேடையேற்றிக் கேடயம் கொடுத்தார்கள். மனிதர் அதை ஆபீஸ் மேசையில், உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறார்.

டாக்டர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"இதைப் பாருங்க. விடியறதுக்கு முன்னாடியே நடக்க ஆரம்பிச்சிடுறீங்க. ஊர் அடங்கின பிறகும் நடக்கிறீங்க. ஆனா கொஞ்ச நாளா துடிப்பு தாறுமாறா ஓடுது. திடீர்னு எகிறுது, அப்படியே விழுந்துடுது. இதயத்துக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கும்னு பயப்படுறேன். இப்படியே வீட்டுக்கு அனுப்பினா நாளைக்கு என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

"இப்பதானே பக்கத்து ரூம்ல இ.சி.ஜி. எடுத்தீங்க? அது என்ன சொல்லுது?"

"நல்லாத்தான் இருக்கு. அதுதான் எனக்குப் புரியலை."

"எனக்குப் புரியுதும்மா. உங்க வாட்ச் கெட்டுப்போச்சு. அடுத்தவன் கணக்குல ஒரு பொய் இருந்தா எனக்கு மூக்குல வியர்த்துடும். என்கிட்டயே பொய்க் கணக்கு காட்டுறீங்களே."

"கேடயம் வாங்கினப்போ வாட்ச் கெட்டுப்போச்சுன்னு நீங்க சொல்லலையே சார்."

நர்ஸ் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆடிட்டர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். துணைக்கு வந்திருந்த அவர் மனைவி, மூலை நாற்காலியில் கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் விடவில்லை. "மறைக்காம சொல்லுங்க. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"இல்லவே இல்லை."

"வாங்குது டாக்டர்," என்றாள் மனைவி மெதுவாக. "பாதிப் படியில உட்கார்ந்துட்டுத்தான் மிச்சத்தை ஏற வேண்டியிருக்கு."

"உன்னைக் கேட்டாங்களா?" ஆடிட்டர் சீறினார்.

"அவங்க சொல்லட்டும் சார். நோயை மறைக்கிறவங்களை நான் தினம் பார்க்கிறேன். கூட இருக்கிறவங்கதான் உண்மையைச் சொல்வாங்க." டாக்டர் அவள் பக்கம் நாற்காலியை நகர்த்தினார். "இடது தோள்ல வலி உண்டாம்மா?"

"உண்டு. முழங்கை வரைக்கும் இறங்கும். வாயுத்தொல்லைன்னு விட்டாச்சு."

"ராத்திரி தூக்கம்?"

"மல்லாந்து படுக்க முடியலை டாக்டர். எழுந்து சுவர்ல சாய்ஞ்சுக்கிட்டாத்தான் கொஞ்சம் மூச்சு வருது."

டாக்டர் எல்லாவற்றையும் ஆடிட்டரின் பெயருக்குக் கீழே மளமளவென்று தட்டச்சு செய்தார். ஆடிட்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"போதும் நிறுத்துங்க. இவளுக்கு ஒரு எழவும் தெரியாது. உங்க வாட்ச்சும் வேண்டாம், உங்க ஆராய்ச்சியும் வேண்டாம். இந்தாங்க."

சட்டைப்பையிலிருந்து வாட்ச்சை எடுத்து மேசையில் எறிந்தார்.

"வாட்ச் கெட்டுப்போச்சான்னு இங்கேயே பார்த்துடலாம்," என்று டாக்டர் அதை அவரிடமே நீட்டினார். "கையில கட்டுங்க. பத்து நிமிஷம். அது தப்பாக் காட்டினா நானே மன்னிப்புக் கேட்டு வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புறேன்."

ஆடிட்டர் இடது கையில் கட்டிப் பார்த்தார். பட்டையின் முனைகள் ஒன்றையொன்று தொடவில்லை. வலது கைக்கு மாற்றினார். அங்கேயும் அதே கதை.

டாக்டர் அதை வாங்கிப் பார்த்தார். பட்டையை ரொம்ப இறுக்கிக் கட்டுவதற்கான கடைசித் துளை மட்டும் தேய்ந்து அகன்றிருந்தது. மற்ற துளைகள் புதுக்கருக்கு மாறாமல் இருந்தன. கொக்கி இடுக்கில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது.

"யார் சார் இதைக் கட்டியிருந்தது?" இந்த முறை கோபம் டாக்டருடையது.

"அது வந்து... எனக்கு ஆபீஸ்ல உட்கார்ந்தே இருக்கிற வேலை. வீட்ல சும்மாதானே இருக்கா, இவ கட்டிக்கட்டுமேன்னு..."

டாக்டர் அவரை முடிக்க விடவில்லை. சுவரோரம் நின்ற வீல்சேரைத் தானே இழுத்து, அவரைத் தாண்டி, மூலை நாற்காலியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

கைப்பையை எடுத்ததும் அவள் மெலிந்த மணிக்கட்டில் வெயில் படாத ஒரு வெளுத்த வளையம் தெரிந்தது. "நான் வலிக்குதுன்னு சொன்னப்போ எல்லாம் வெந்நீர் குடின்னாரு டாக்டர்," என்றாள் அவள், வீல்சேரில் உட்கார்ந்தபடி. "அவர் பேர்ல வலிச்சதாலதான் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேர்ந்தேன்."